பாம்பே வழிச் சொந்தம்

என் வீட்டுக்காரரைப் பற்றிக் கடைத்தெருவில் யாரிடம் விசாரித்தாலும் 'பாம்பே' என்றுதான் சொல்வார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொன்னால், "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று கையை விரித்துவிடுவார்கள். இத்தனைக்கும் இந்த மனிதர் பம்பாய்ப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. பிறந்தது இந்த ஊர், என்னைக் கட்டிக்கொண்டது இந்த ஊர், கண்ணாடி அறுத்துச் சம்பாதிப்பதும் இந்த ஊர். அப்புறம் பாம்பே எங்கிருந்து வந்தது? அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நடுநடுவே எனக்குக் கோபம் வரும், கண்டுகொள்ள வேண்டாம்.

கண்ணாடிக் கடையில் ஜன்னலுக்கு, அலமாரிக்கு, படச்சட்டத்துக்கு என்று எது கேட்டாலும் அளவாக அறுத்துக் கொடுப்பது அவர் வேலை. கம்பளி விரித்த பெரிய மேசைமேல் ஆளுயரக் கண்ணாடிப் பலகையைப் படுக்கவைத்து, மரச்சட்டத்தை அணைத்துப் பிடித்து, மண்ணெண்ணெயில் தொட்ட கட்டரை ஒரே இழுப்பாக இழுப்பார். சர்ரென்று சத்தம் வரும். கோடு விழுந்த இடத்தை மேசை விளிம்புக்குக் கொண்டுவந்து ஓர் அமுக்கு அமுக்கினால் பட்டென்று பிரிந்துவிடும். இழுத்த கோட்டின்மேல் இன்னொரு தடவை இழுக்கக் கூடாதாம், கண்ணாடி கோணிக்கொண்டு உடையுமாம். அவர் பேச்சும் அப்படித்தான், ஒரு தடவை சொன்னால் சொன்னதுதான். நான்தான் ஒன்றையே ஒன்பது தடவை சொல்கிறவள். அட்டைப்பெட்டிக் கம்பெனியில் நாள் முழுக்க ஸ்டேப்ளர் பின் அடிக்கிறவளுக்கு வேறு எப்படிப் பேச வரும்?

ஒரு நாள் காலையில் லாரியிலிருந்து சரக்கு இறக்கும்போது ஒரு பலகை நழுவிவிட்டது. நழுவினால் விட்டுவிட்டு விலகிக்கொள்ள வேண்டும், அந்தத் தொழிலில் முதலில் சொல்லித் தருவதே அதுதான். இவர் கீழே நின்ற ஆள்மேல் விழுந்துவிடுமே என்று பிடிக்கப் போனார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கிழித்துக்கொண்டு போய்விட்டது.

செய்தி கேட்டதும் மாமியாரை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். தையல் போட அவரை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். ரத்தம் ஏற்ற வேண்டுமென்று ஓ பிரிவுப் பைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தார்களாம், எந்தப் பையும் அவர் ரத்தத்தோடு சேரவில்லை. கொஞ்ச நேரத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட ஓர் அம்மா வெளியே வந்தார். ரத்த வங்கி அவர் பொறுப்பில் இருந்தது. எல்லோரும் மேடம் என்று கூப்பிட்டார்கள்.

"இவருக்கு யார் வந்திருக்கீங்க?"

"நான்தாங்க சம்சாரம். இவங்க அவரோட அம்மா."

"உங்க வீட்டுக்காரர் பாம்பேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"இல்லைங்க மேடம், அவரு இந்த ஊருதாங்க."

"ஊரைக் கேக்கலைம்மா. ரத்தத்தைச் சொல்றேன். அவருக்கு ஓடறது பாம்பே ரத்தம்."

என் மாமியார் நிமிர்ந்தார் பாருங்கள்! அதுவரை மூலையில் சுருண்டு அழுதுகொண்டிருந்தவர், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடத்தின் முகத்துக்கு நேராக வந்து நின்றார்.

"என்ன சொன்ன? எம்புள்ளைக்கு ஓடறது பம்பாய் ரத்தமா? அவங்கப்பா இந்தத் தெருவைத் தாண்டினதில்ல, நானும் தாண்டினதில்ல. அப்போ இவன் யாருக்குப் பொறந்தான்னு சொல்ல வர்ற? படிச்சிருந்தா என்ன வேணா பேசிடுவியா?"

என் புத்தி வேறு பக்கம் ஓடியது. கல்யாணத்துக்கு முன்னால் கொஞ்ச காலம் வெளியூரில் வேலை பார்த்ததாக இவர் சொல்லியிருந்தார். எந்த ஊர் என்று நான் துருவிக் கேட்டதில்லை.

"மேடம், மறைக்காம சொல்லுங்க. பாம்பேல இவருக்கு யாராச்சும் இருக்காங்களா?"

"இருக்காங்கம்மா. பாம்பேலயும் இருக்காங்க, வேற ஊருங்கள்லயும் இருக்காங்க. ஆனா ரொம்பக் கம்மி."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். ஒரு ஊரில் இருந்தாலே தாங்காது, இதில் வேற ஊருங்கள்லயுமா!

என் முகத்தைப் பார்த்த பிறகுதான் மேடத்துக்கு விஷயம் விளங்கியது. சிரித்துவிட்டு, சிரித்ததற்கு மன்னிப்பும் கேட்டார். எங்கள் இரண்டு பேரையும் பெஞ்சில் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். இந்த வகை ரத்தத்தை முதல்முதலில் கண்டுபிடித்தது அந்த நகரத்திலாம். அதனால் உலகத்தில் எந்த மூலையில் இருக்கிற டாக்டரும் இங்கிலீஷில் இதைப் பாம்பே என்றே எழுதுவாராம். மேலோட்டமாகப் பார்த்தால் ஓ மாதிரி தெரியும், ஆனால் ஓ ரத்தத்தை ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. பாம்பேக்குப் பாம்பேதான் சேரும். அதுவும் பத்தாயிரத்தில் ஒருத்தருக்கு இருந்தால் பெரிது. அதற்கும் அந்த ஊருக்குப் போவதற்கும் வருவதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

"டிவியில மும்பைங்கறாங்களே மேடம்?" என்றேன்.

"ஊருக்குப் பேரை மாத்திட்டாங்க. ரத்தத்துக்கு மாத்தலை. அது இன்னும் பாம்பேதான்."

மாமியார் யோசித்துவிட்டு, "பம்பாய் ரத்தம் கிடைக்கலைன்னா மும்பை ரத்தமாவது ஏத்தச் சொல்லும்மா" என்றார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நல்ல காலம், ரத்தம் ஏற்றாமலே தையலிலும் குளுகோஸிலும் தேறிவிட்டார். எனக்கு, மாமியாருக்கு, எங்கள் மகளுக்கு என்று எல்லோருக்கும் சோதித்தார்கள். எங்கள் யாருக்கும் பாம்பே இல்லை. கூடப்பிறந்தவர்களும் அவருக்குக் கிடையாது. மறுபடி ஒரு தடவை அடிபட்டால் கொடுக்க வீட்டில் ஆளில்லை என்று அன்றைக்கே மனசில் விழுந்துவிட்டது. கண்ணாடியை விட்டுவிட்டுப் பஞ்சு மெத்தைக் கடைக்குப் போங்கள் என்று தொண்டை கிழியச் சொன்னேன். அவர் தடித்த கைஉறை இரண்டு ஜோடி வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான்.

கடையில் விஷயம் பரவி, முதலாளியிலிருந்து எதிர்க்கடைக்காரர் வரை பாம்பே பாம்பே என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். விவரம் தெரியாத வாடிக்கையாளர்கள், "பாம்பேல எவ்வளவு வருஷம் இருந்தீங்க?" என்று கேட்பார்கள். இவர் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல், "பொறந்ததுலருந்து" என்பார். "அங்க மழை ஜாஸ்தியாமே?" என்றால், "பிடிச்சா விடாது" என்பார். என்னைக் கேட்டால் பேர் வைத்தவர்களைவிட இவருக்குத்தான் அந்தப் பேர் பிடித்துப்போனது.

சும்மா பேர் மட்டும் இல்லை. மேடம் இவருடைய நம்பரை எங்கெங்கோ கொடுத்துவைத்திருந்தார். எப்போதாவது ஒரு போன் வரும். "ஹலோ, பாம்பேங்களா?" என்று எவரோ அழுதுகொண்டே கேட்பார்கள். இவர் கட்டரைத் துடைத்து வைத்துவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். யாருக்குக் கொடுத்தோம், பிழைத்தார்களா என்று கேட்கக்கூட மாட்டார். வந்து ஒரு டீ குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார். உங்கள் உடம்பு என்ன தெருக்குழாயா என்று நான் கத்துவேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் இடி விழுந்தது. முதுகு வலிக்கிறது என்று ஸ்கேன் எடுக்கப் போனவருக்கு, வயிற்றுக்குள் ஓடும் பெரிய ரத்தக்குழாய் ஓரிடத்தில் வீங்கியிருப்பது தெரிந்தது. சைக்கிள் டியூப் ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு நிற்குமே, அந்த மாதிரி என்றார் ஆபரேஷன் டாக்டர். தானாக வெடித்தால் காப்பாற்றுவது கஷ்டம், அதற்குள் அறுத்துச் சரிசெய்துவிட வேண்டும். அறுக்கும்போது ரத்தம் போகும். ஏற்றுவதற்கு எங்கே போவது?

மேடம்தான் வழி சொன்னார். அவருடைய ரத்தத்தையே முன்கூட்டி எடுத்துக் குளிரில் வைத்து, ஆபரேஷன் அன்றைக்கு அவருக்கே திருப்பி ஏற்றுவது. முதலில் ஒரு பை எடுத்தார்கள். இடைவெளி விட்டு இன்னொன்று எடுத்தார்கள். இரும்புச்சத்து மாத்திரையும் பேரீச்சம்பழமுமாக நான் அவர் வாயை மூடவிடவில்லை. எனக்கு நம்பிக்கை வராமல், ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டச் சொல்லி என் கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்தேன். இரண்டு பைகளிலும் அவர் பேர் ஒட்டியிருந்தது. "என் சொத்து பூரா அந்த ஃப்ரிட்ஜுலதான் இருக்கு, பத்திரம்" என்று அவர் மேடத்திடம் சொன்னார். அடுத்த வாரம் ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள்.

அதற்கிடையில் ஒரு நாள் மத்தியானம் போன் வந்தது. கனம் தூக்கக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்ததால் அவர் வீட்டில் இருந்தார். எடுத்தது நான். மேடத்தின் குரல் மேடத்தின் குரலாகவே இல்லை.

"பிரசவ வார்டுல ஒரு பொண்ணு. குழந்தை நல்லாருக்கு, இவளுக்கு ரத்தம் நிக்க மாட்டேங்குது. பாம்பே. வெளியூர்ல இருக்கற ஒருத்தருக்குச் சொல்லியிருக்கோம், வந்துசேர நாளைக்கு ஆயிடும். கூடப்பிறந்தவன் லாரி ஓட்டறான், அவனும் எங்கயோ தூரத்துல இருக்கான். உங்க வீட்டுக்காரர் பேர்ல வெச்சிருக்கற ரத்தத்தை நான் கேக்கறது தப்புதான். கேக்காம இருக்க என்னால முடியலை. நீங்க வேண்டாம்னா விட்டுடறேன்."

நான் போனைக் கையில் பொத்திக்கொண்டு அவரிடம் சொன்னேன். சொல்லி முடிக்கவில்லை, சட்டையைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

"என்னங்க, உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? அதைக் குடுத்துட்டா ஆபரேஷன் எப்படி நடக்கும்? நடுவுல உள்ள வெடிச்சா?"

"வெடிக்கலாம். வெடிக்காமலும் போகலாம்."

"அப்போ நாங்க?"

"இங்க பாரு. எனக்கு இன்னும் ஒரு 'லாம்' இருக்கு. அந்தப் பொண்ணுக்கு அதுகூட இல்ல."

ஒரு தடவை சொன்னால் சொன்னதுதான். ஆட்டோவில் போகிற வழியெல்லாம் நான் திட்டிக்கொண்டே போனேன். யாரோ ஒருத்திக்காக என்னை நடுத்தெருவில் நிறுத்துகிறீர்களே என்றேன். ஆபரேஷன் டாக்டரும் அவரை உட்காரவைத்துச் சத்தம் போட்டார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார், காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டார். இரண்டு பைகளையும் ஒரு நர்ஸ் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பிரசவ வார்டுப் பக்கம் ஓடினாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன். எனக்கு வந்தது கோபம்தான், வேறெதுவும் இல்லை.

மறுநாள் சாயங்காலம் மேடம் போன் செய்தார். அந்தப் பெண் மத்தியானம் போய்விட்டாள். ரத்தம் நின்றது, ஆனால் அதற்குள் உள்ளே ஒவ்வொரு உறுப்பாகக் கைவிட்டுவிட்டதாம்.

"ரெண்டு பையும் வீணாப் போச்சே!" என்று நான் வாயில் அடித்துக்கொண்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து, "சேலை மாத்திக்கிட்டு வா, போயிட்டு வந்துடலாம்" என்றார்.

"எங்க?"

"துக்க வீட்டுக்கு. சொந்தத்துக்குப் போகாம இருக்க முடியுமா?"

"அவங்க நமக்கு என்ன சொந்தம்?"

"ரத்த சொந்தம்" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை.

குறுகலான தெருவில் ஒரு மாடிக் குடித்தனம். கீழே வாடகை நாற்காலிகள் போட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெரியவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருன்னு தெரியலையே. எந்த வழியில சொந்தம்?"

இவர் கொஞ்சமும் தயங்காமல், "பாம்பே வழிங்க" என்றார்.

"பாம்பேலருந்தா? டேய், தள்ளி உக்காருங்கப்பா, எவ்வளவு தூரத்துலருந்து வந்திருக்காங்க! தண்ணி குடுங்க முதல்ல. எப்பங்க கிளம்பினீங்க?"

"நேத்து மத்தியானம்" என்றார் இவர்.

நேற்று மத்தியானம் கிளம்பியவை அந்த இரண்டு பைகள்தான். அதுவரை அந்தப் பெண்ணுக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அங்கே அந்த நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். தூரத்துச் சொந்தத்துக்கு என்ன பாசம் பாரேன் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள்.

மாடிக்குப் போனேன். சின்னப் பெண். என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். அவளுடைய புருஷன் கைக்குழந்தையை எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டு மூலையில் நின்றான். தலைமாட்டில் அவளுடைய அம்மா உட்கார்ந்திருந்தார். அழவில்லை. யார் வந்து கட்டிக்கொண்டு கதறினாலும் அப்படியே உட்கார்ந்திருந்தார். பெற்றவளுக்குக் கண்ணில் ஈரமே இல்லையே என்று இரண்டு பெண்கள் காதைக் கடித்துக்கொண்டார்கள். அவர்களை அறைய வேண்டும் போல இருந்தது எனக்கு.

கிளம்பும்போது லாரி ஓட்டும் அண்ணன்காரன் எங்கள் பின்னாலேயே தெருவரை வந்தான். உடம்பெல்லாம் ரோட்டுப் புழுதி, சட்டைக் கை ஒன்று தோள்வரை சுருட்டியிருந்தது.

"நீங்கதான் அந்த பாம்பேன்னு மேடம் சொன்னாங்க."

இவர் தலையை ஆட்டினார்.

"லாரியைப் பாதி வழியில போட்டுட்டு, கிடைச்ச வண்டியெல்லாம் ஏறி வந்தேன்ணே. ஆஸ்பத்திரி வாசல்லயே சட்டையைச் சுருட்டிக்கிட்டு ஓடினேன். தங்கச்சி போயிடுச்சுன்னாங்க. என்னை டெஸ்ட் பண்ணிப் பார்த்தாங்க, எனக்கும் பாம்பேதானாம்." சுருட்டிய கையை நீட்டினான். "அவளுக்குன்னு கொண்டுவந்ததுண்ணே. நீங்க எடுத்துக்குங்க."

இவர் அவன் தோளில் கை வைத்தார்.

அந்த வாரமே வலி கூடியது. மறுபடி ஸ்கேன் பார்த்துவிட்டு, புடைப்பு பெரிதாகியிருக்கிறது, இனி ஒரு நாளும் தள்ள முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவரிடமிருந்து மறுபடி எடுத்துச் சேர்த்துவைக்க நேரம் இல்லை. வெளியூரிலிருந்து வருவதாக இருந்தவர், அந்தப் பெண் இறந்த செய்தி கேட்டுப் பாதி வழியிலேயே திரும்பிவிட்டார். திரும்பக் கூப்பிட்டால் காய்ச்சலில் படுத்திருந்தார். ஆக, லாரிக்காரத் தம்பி கொடுத்த ஒரே ஒரு பை. "அதுக்குள்ள முடிக்கப் பாக்கறேன். முடியும்னு சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார் டாக்டர். உள்ளே கொண்டுபோகும்போது இவர் என்னிடம், "நீ நேரத்துக்குச் சாப்பிடு" என்றார். சாகப்போகிற மனுஷன் சொல்கிற பேச்சா அது?

நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மகள் என் மாமியாரோடு வீட்டில் இருந்தாள், நான்தான் வர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். திரும்பினால், அந்தப் பெண்ணுடைய அம்மா.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மகளை அடக்கம் செய்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. எந்த ஆஸ்பத்திரியில் மகள் போனாளோ அதே ஆஸ்பத்திரிக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார்.

"நீங்க எதுக்கும்மா இங்க வந்து கஷ்டப்படறீங்க?"

"வீட்டுல இருக்க முடியலை கண்ணு" என்றார். பிறகு நான் கேட்காமலே, கதவைப் பார்த்தபடி மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார்.

"உங்க வீட்டு ரத்தம் ஏறினதும் கண்ணு முழிச்சா. முகத்துல நிறம் வந்துச்சு. புள்ளையைக் கேட்டா. பக்கத்துல போட்டோம். ரொம்ப நேரம் பாத்துட்டு, 'காது உன்னை மாதிரி மடிஞ்சிருக்கும்மா'ன்னா. புருஷங்கிட்ட தனியா என்னமோ பேசினா, அவன் சிரிச்சான். காலையில தலை வாரிவிடச் சொன்னா. வாரிவிட்டேன். சின்னப் புள்ளையில பண்ற மாதிரியே, இழுக்காத, வலிக்குதுன்னு திட்டினா. மத்தியானம் வரைக்கும் எங்களோட இருந்தா."

ரெண்டு பையும் வீணாப் போச்சே என்று சொன்ன வாய்தானே என்னுடையது.

"உங்க வீட்டுக்காரர் பொழைச்சு வரணும் கண்ணு" என்றார் அந்த அம்மா. உள்ளே விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. நர்ஸுகள் வந்தார்கள், போனார்கள், ஒருத்தியும் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அந்த அம்மா தன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி என்னிடம் நீட்டினார்.

கதவு திறந்தது. டாக்டர் வாய்த்துணியைக் கழற்றிக்கொண்டே வந்தார்.

"அந்த ஒரு பையிலயே சமாளிச்சுட்டோம். பொழைச்சுட்டார்மா."

எனக்குக் கத்த வேண்டும் போல வந்தது. பக்கத்தில் இந்த அம்மா இருக்கிறாரே, இதே கட்டடத்தில் இவர் மகள் பிழைத்துவிட்டாள் என்று யாரும் வந்து சொல்லவில்லையே. நான் வாயைப் பொத்திக்கொண்டு, பயந்து பயந்து அவர் பக்கம் திரும்பினேன்.

அந்த அம்மா அழுதுகொண்டிருந்தார். முதலில் சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. பிறகு வந்தது. துக்க வீட்டில் வராத அழுகை, அடக்கம் முடிந்து இத்தனை நாளும் வராத அழுகை, மகள் பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டு அப்படியே என் மடியில் சாய்ந்துவிட்டார். வராந்தாவில் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள்.

"உங்களைத்தாம்மா, உள்ள வந்து பாக்கலாம். மயக்கம் தெளியுது, உங்களைத்தான் கேக்கறார்" என்று நர்ஸ் வந்து கூப்பிட்டாள்.

"இருக்கட்டும். வர்றேன்னு சொல்லுங்க" என்றேன். அந்த அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டு, அவர் அழுது முடிக்கிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.